வாரம் 7% வட்டி கொடுத்த "கொள்ளையன்"! அப்பத்தா கேட்ட ஒரே கேள்வி

[திரையில்: போனில் வந்த ஒரு செய்தி. அனுப்பியவர் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது.]

"வணக்கம் அண்ணே. நானும் நம்ம செட்டிநாட்டுப் பையன்தான். தினம் 1 சதவீதம். முதலுக்கு நான் பொறுப்பு. நகரத்தார் குடும்பம் அண்ணே, வார்த்தை மாறாது."

பிட்காயின் மாதிரியான கிரிப்டோவில், அதாவது இணையக் காசில், பணம் போடச் சொல்லிப் போன மாதம் டெலிகிராமில் எனக்கு வந்த செய்தி இது. அப்போது நான் கோட்டையூரில், அப்பத்தா வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்து சீப்புச் சீடை தின்றுகொண்டிருந்தேன். சும்மா வேடிக்கைக்காகச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பத்தா சீடை டப்பாவை மூடி வைத்துவிட்டு, "அவன்கிட்ட இத மட்டும் கேளு" என்று ஒரே ஒரு கேள்வி சொன்னார். இரண்டே வார்த்தை. தட்டச்சு செய்து அனுப்பினேன். பதிலும் வந்தது. அந்தக் கேள்வியும் பதிலும் இந்த வீடியோவின் கடைசியில். தள்ளிவிட்டுப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் ஒரு கொள்ளையன் வருகிறான், அவனைத் தவறவிட்டால் நான் பொறுப்பில்லை.

முதலில் பாடப்புத்தகப் பகுதி. ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் பிட்காயின் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3இல் முதல் பிளாக், அதாவது அந்தக் காசின் கணக்குப் பேரேட்டில் முதல் பக்கம். கணக்குப் பேரேட்டை ஒரு வங்கி வைத்திருப்பதற்குப் பதில், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுதான், அதற்கு மேல் கிடையாது. நம் நாட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போதே பிடித்துக்கொள்கிற 1 சதவீத வரியான டிடிஎஸ், இரண்டும் 2022இல் வந்தவை. மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

இதில் ஒரு வாக்கியம்தான் நமக்கு முக்கியம். யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று சொன்னார்கள். அது உண்மையா?

[திரையில்: இரண்டு பீட்சா]

2010 மே 22. அமெரிக்காவில் லாஸ்லோ ஹான்யெச் என்பவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அந்த 10,000 காசின் இன்றைய விலையைச் சொல்லி வயிற்றெரிச்சல் படுவார்கள். எனக்கு வேறொரு இடம்தான் பிடித்திருக்கிறது. அவர் கடைக்குக் காசு கொடுக்கவில்லை. இணையத்தில் பேசிப் பழகிய இன்னொருவருக்குக் காசை அனுப்பினார், அந்த ஆள் கடையில் ஆர்டர் போட்டார். காசு போய்ச் சேர்ந்ததா என்று பிளாக்செயின், அதாவது அந்தப் பொதுப் பேரேடு, சாட்சி சொல்லும். பீட்சா வந்ததா என்று அது சொல்லாது. அந்த ஆள் காசை வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்திருந்தால்? ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆக, நம்பிக்கை தேவையில்லாத பணத்தின் முதல் வியாபாரமே நேரில் பார்த்திராத ஒருவரை நம்பி நடந்ததுதான்.

இப்போது கொள்ளையன்.

பிட்காயின்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் ஒருவன் வந்தான். அவன் வைத்துக்கொண்ட பெயர் "பைரட்அட்40". பைரட் என்றால் கடற்கொள்ளையன். நான் கேலிக்குச் சொல்லவில்லை, அவனே வைத்துக்கொண்ட பெயர். 2011 கடைசியில் ஒரு திட்டம் அறிவித்தான். பிட்காயினை என்னிடம் கொடுங்கள், வாரம் 7 சதவீத வட்டி. மாதமோ வருடமோ இல்லை, வாரம்! ஒரு லட்சம் போட்டு வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு வருடத்தில் 33 லட்சத்தைத் தாண்டும். (எனக்கு வந்த தினம் 1 சதவீதம் 37 லட்சத்தைத் தாண்டுகிறது. கொள்ளையன் பரவாயில்லை.)

சேர்ந்தது 7 லட்சம் பிட்காயினுக்கு மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. பின்னால் வந்தவன் காசில் முன்னால் வந்தவனுக்கு வட்டி, அவ்வளவுதான் தொழில். 2012 ஆகஸ்டில் மூடிவிட்டான். டெக்சாஸைச் சேர்ந்த டிரெண்டன் ஷேவர்ஸ் என்பது அவனுடைய நிஜப்பெயர். 2016இல் தீர்ப்பு: 18 மாதம் சிறை.

இந்த 18 மாதத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. எங்கேயோ கேட்ட எண்ணாயிற்றே! தேடினால் நம் ஊர். 1906 அக்டோபர் 22, மதராஸில் அர்பத்நாட் கம்பெனி திவால். வெள்ளைக்காரக் கம்பெனி, சர் பட்டம் வாங்கிய முதலாளி, இவர்கள் விழுவார்களா என்று நம்பிப் போட்டவர்களின் பணம் போனது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கிடைத்த தண்டனை எவ்வளவு? 18 மாதக் கடுங்காவல். நூறு வருடம் தாண்டியும் ரேட் ஏறவே இல்லை பாருங்கள். அந்தச் சூட்டில்தான் அடுத்த வருடம் இந்தியன் வங்கி தொடங்கியது. அது தனி வீடியோ. வேண்டுமென்றால் கமெண்டில் "அர்பத்நாட்" என்று போடுங்கள், எழுத்துப் பிழையோடு போட்டாலும் சரி.

சரி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

[திரையில்: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் கடைகள்.]

இந்தத் தெருவில் ஒரு கடையில் எனாமல் தூக்குச்சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவில் ஒரு பழைய மரப்பெட்டி கிடந்தது. முழங்கால் உயரம், சாய்வான மூடி. கடைக்காரர் "நகைப்பெட்டி சார்" என்றார். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நகைப்பெட்டி இல்லை, கணக்குப்பெட்டி. மூடியின் ஓரத்தில் மைக்கறை அப்படியே இருந்தது. எவரோ ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, இந்த மூடியின் மேல் பேரேட்டை விரித்து வைத்து, பர்மாவிலோ மலேயாவிலோ உட்கார்ந்திருக்கிறார்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அந்தப் பெட்டிகளை வைத்து வட்டித்தொழில் செய்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு என்று பல ஊர்களில் இருந்தன. நீளமான கூடம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கம்பெனி! தடுப்புச் சுவர் கிடையாது. ஒருவன் முதல் பெட்டியில் வந்து கடன் கேட்டால் அடுத்த பெட்டிக்காரர் காதில் விழும். அங்கே நாணயம் தவறியவன் இங்கே வந்து நிற்க முடியாது. யோசித்துப் பாருங்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பேரேடு என்று இன்றைக்குப் பெருமையடிக்கிறோமே, அதை அன்றைக்கே காதால் நடத்தியிருக்கிறார்கள்.

வட்டியும் அப்படித்தான். ரங்கூனில் முகல் தெருவில் செட்டியார்களின் கோவில். ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி அங்கே கூடி, அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்வார்கள். தனியாக ஒருவன் போய் வாரம் 7 தருகிறேன் என்று சொல்லியிருந்தால், சாமி முன்னாடியே சிரித்திருப்பார்கள்.

உண்டி என்று ஒரு சீட்டு உண்டு. கோவில் உண்டியல் இல்லை. இங்கே பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கினால் ரங்கூனில் அதைக் காட்டிப் பணம் வாங்கலாம். பார்த்த உடனே பணம் தர வேண்டியதற்குத் தர்சன உண்டி என்று பெயர். என்ன அழகான பெயர்! சீட்டு தரிசனம் கொடுத்தால் காசு.

இதெல்லாம் எப்படி நடந்தது? நம் ஆட்கள் ரொம்ப நல்லவர்கள் என்பதாலா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம் வேறு. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகிக் கடல் கடந்து இருக்கிறவருக்குக் குடும்பம் இங்கே இருக்கும். கல்யாணம் என்றால் ஒன்பது நகரக் கோவில்களில் அவரவர் கோவிலிலிருந்து மாலை வர வேண்டும், தம்பதியைப் புள்ளியாக, அதாவது ஒரு தனிக் குடும்பமாக, கோவில் கணக்கில் சேர்க்க வேண்டும். ரங்கூனில் கையாடல் செய்துவிட்டு ஒருவன் எங்கே போவான்? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட இதே ஊருக்குத்தானே வர வேண்டும்? ஓட முடியாத ஆளை நம்பினார்கள். அதுதான் சூட்சுமம்.

டெலிகிராமில் இருக்கிறவன் பெயரை மாற்ற மூன்று நொடி போதும்.

அதற்காகப் பழைய காலம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நம்பிக்கை வட்டத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான். 1930இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், 1938இல் அது 25 சதவீதம். அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியிடம் போய்க் கிட்டங்கியின் பெருமையைப் பேச முடியாது. (ஒரு தற்செயல்: இணையத்தில் பணம் போனால் நாம் அழைக்க வேண்டிய எண்ணும் 1930தான். எங்கள் ஊருக்கு அந்த எண்ணில் ஏதோ கண்டம்.)

அப்படியென்றால் இணையத்தில் கிரிப்டோ பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி எடைபோடுகிறார்கள்? ஒழுங்காக வியாபாரம் செய்தவருக்கு நல்ல புள்ளி, ஏமாற்றியவருக்குச் சிவப்புப் புள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன தெரியுமா? மொய்! நம் பக்கத்தில் பேராவூரணி, கீரமங்கலம் போய்ப் பாருங்கள், ஆடி மாதத்தில் மொய் விருந்து. நீ எனக்கு ஐயாயிரம் எழுதினால் உன் விருந்துக்கு நான் எழுதுகிறேன். அதே மாதிரி "நீ எனக்கு நல்ல புள்ளி போடு, நான் உனக்குப் போடுகிறேன்." பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டால் பத்துப் பேரும் யோக்கியர். மொய்யிலாவது வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் பந்தலில் மைக் வைத்துப் பேசுவார்கள் என்ற பயம் உண்டு. இங்கே மைக்கும் அவன் கையில்தான். போதாததற்கு, நல்ல புள்ளி சேர்ந்த பழைய கணக்கை அப்படியே விலைக்கு விற்கிறார்கள். இரண்டு வருடம் உங்களுக்குக் குட் மார்னிங் போட்டவன் ஒருவன், இன்று காசு கேட்கிறவன் வேறொருவன்.

என் சொந்தக் கருத்து, யாரும் சண்டைக்கு வராதீர்கள்: அந்தக் குரூப்களில் நம்பத் தகுந்தவர் யார் என்றால், சலிப்பூட்டுகிறவர். டிடிஎஸ் எந்தப் படிவத்தில் காட்டுவது என்று இரவு பதினொரு மணிக்கு ஒருவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருப்பார், அதற்கு ஒரு லைக் கூட விழாது. "எப்போ லாம்போ?", அதாவது லம்போர்கினி கார் வாங்குகிற அளவுக்கு எப்போது பணக்காரன் ஆவோம் என்று கேட்கிறவனுக்கு நூறு லைக். தனிச்செய்தியில் முதலில் வந்து பேசுகிற "அட்மின்" பெரும்பாலும் அட்மின் இல்லை. வாலட்டின், அதாவது உங்கள் கிரிப்டோ பணப்பையின், சாவியான 12 வார்த்தையையோ 24 வார்த்தையையோ கேட்டால் நிச்சயமாக இல்லை.

இன்னொன்று, சுருக்கமாக. என் அத்தை மகன் தன்னிடமிருந்த யுஎஸ்டிடியை (டாலர் மதிப்போடு கட்டப்பட்ட ஒரு கிரிப்டோ காசு) நேரடியாக ஒருவருக்கு விற்றான். பணம் சரியாக வங்கிக்கு வந்தது. மூன்று வாரம் கழித்துக் கணக்கு முடங்கியது. வந்தது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாம். இவன் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் இவனை ஏமாற்றவும் இல்லை, ஆனால் தீபாவளிக்கு என்னிடம்தான் கடன் வாங்கினான். இன்னும் தரவில்லை. இந்த வீடியோவைப் பார்ப்பான் என்று நம்புகிறேன்.

சரி, வளவுக்குத் திரும்புவோம்.

[திரையில்: அந்தச் செய்தியின் அடுத்த பகுதி]

அப்பத்தா கேட்கச் சொன்ன கேள்வி: "எந்தக் கோவில்?"

நகரத்தார் வீட்டில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பதில் ஒன்று. அவன் அனுப்பிய பதிலைப் படிக்கிறேன்.

"கோவிலுக்கெல்லாம் அதிகம் போறதில்ல அண்ணே. ஆனா குன்றக்குடி முருகன்னா உயிரு."

அப்பத்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "முருகன்னா எனக்குந்தான் உயிரு. அதுக்குக் காசா குடுப்பாக?" என்று சொல்லிவிட்டு மறுபடி சீடை டப்பாவைத் திறந்தார்.

இந்த வீடியோவை அவனும் பார்ப்பான், அடுத்த முறை டக்கென்று மாத்தூர் என்பான், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அப்பத்தாவிடம் இரண்டாவது கேள்வியும் இருக்கிறதாம்: "யார் வீட்டுப் பிள்ளை?" அந்த வீட்டு லேண்ட்லைன் எண் அவருடைய சிவப்பு டைரியில் இருக்கிறது.