உலகும் சந்திரனும் உள்ளவரைக்கும் இருங்கன்னு சொன்ன ஊரை விட்டு ஏன் போனாங்க? மட்டாஞ்சேரி வ்லாக்

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? நான் இப்போ கொச்சி மட்டாஞ்சேரியில ஜூ டவுன்ல உக்காந்திருக்கேன், எனக்குப் பின்னாடி தெரியுது பாருங்க ஒரு வெள்ளைக் கட்டடம், மணிக்கூண்டோட, அதுதான் பரதேசி சினகாக், யூதர்கள் கும்பிடுற இடம். பரதேசின்னா இங்க பிச்சைக்காரன் இல்ல, வெளிதேசத்துல இருந்து வந்தவங்கன்னு அர்த்தம். நம்ம பைபிள் தமிழ்ல ஜெப ஆலயம்னு வரும், இங்க இருக்கவங்க ஜூதப்பள்ளின்னு சொல்றாங்க. உள்ள கேமரா ஓட விடல, அதனால பாத்துட்டு வெளிய வந்து இந்த எதிர் திண்ணையில உக்காந்து பேசுறேன், பின்னாடி ஆட்டோ சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

இஸ்ரேல், யூதர்கள் அப்படின்னாலே நமக்கு வர்றதெல்லாம் நியூஸ்ல வர்ற போர், ஹிட்லர், ஜெருசலேம் இதுதான். ஆனா காலையில எர்ணாகுளம் ஜெட்டியில படகு ஏறுனா கொஞ்ச நேரத்துல வந்து இறங்குற தூரத்துல, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஒரு யூத சமூகம் இருந்திருக்கு, யாரும் அவங்களை இந்த ஊரை விட்டுத் துரத்தல, ஆனா 1950கள்ல கிட்டத்தட்ட மொத்தமா கிளம்பிப் போயிட்டாங்க. ஏன்? அது ஒண்ணுதான் ரெண்டு நாளா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

முதல்ல உள்ள பாத்ததைச் சொல்லிடறேன். 1568ல கட்டுனது. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், உலகத்துல வேற ஊர் யூதர்கள் பொதுவா அப்படிச் செய்யறதில்ல, இது இங்க பக்கத்துக் கோயிலைப் பாத்து வந்த வழக்கம்தான்னு நினைக்கிறேன், ஏன்னா பக்கத்துக் காம்பவுண்டே ராஜா கோயில்தான். தரை பூரா நீலமும் வெள்ளையுமா சீன டைல்ஸ், 18ஆம் நூற்றாண்டுல சீனாவுல இருந்து கப்பல்ல வந்தது, ஒவ்வொண்ணும் கையால வரைஞ்சது. நான் குனிஞ்சு உக்காந்து பக்கத்து பக்கத்துல இருந்த ரெண்டு டைலை உத்துப் பாத்தேன், ரெண்டுலயும் அதே பூதான், ஆனா ஒண்ணுல காம்பு இந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, இன்னொண்ணுல நீலம் கொஞ்சம் தண்ணியா ஓடி இதழ் கரையைத் தாண்டிடுச்சு. வெறுங்கால்ல நிக்கிறப்ப அந்தக் குளிர்ச்சி ஏறுது பாருங்க, வெளிய அவ்வளவு வெயில், உள்ள காலுக்கடியில சில்லுனு. மேல பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள் தொங்குது, எதிர்ல பேழை, அதுக்குள்ளதான் தோரா சுருள்கள், மோசேயோட அஞ்சு புத்தகம், தோல்ல கையால எழுதுனது.

அதெல்லாம் அழகு, போட்டோல யாரும் பாத்துக்கலாம். என்னை உலுக்குனது வேற. ஒரு செப்பேடு.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறக்குறைய கி.பி. 1000ல, ஜோசப் ரப்பான்னு ஒரு யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இந்தச் சமூகத்துக்கிட்ட இருக்கு. அவங்க வழிவழியா அதை 379ஆம் வருஷத்துதுன்னு சொல்வாங்க, ஆனா எழுத்தையும் மன்னன் காலத்தையும் வச்சுப் பாத்த ஆய்வாளர்கள் 1000ஐ ஒட்டித்தான்னு சொல்றாங்க. இப்ப கவனிங்க, அது எழுதியிருக்கது வட்டெழுத்துல, மொழி நம்ம தமிழ். அப்போ மலையாளம்னு தனியா முழுசாப் பிரியாத காலம், அதனால நான் அச்சுல படிச்சப்ப பாதிக்கு மேல உரை இல்லாமலே புரியுது மக்களே, எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. ஜோசப் ரப்பானை "ஈசுப்பு இரப்பான்"னு எழுதியிருக்காங்க. ராஜா முயிரிக்கோட்டுல, அதாவது நம்ம சங்கப் பாட்டுல வர்ற முசிறிப் பக்கம், இருந்த நாள்ல கொடுத்தாராம். என்ன கொடுத்தார்? அஞ்சுவண்ணம், பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம்னு போகுது, மொத்தம் 72 விடுபேறு, அதாவது உரிமை. பாவாடைன்னா உடுத்துறது இல்ல, நடக்கிற வழியில விரிக்கிற துணி, நம்ம பக்கம் இன்னிக்கும் நடபாவாடைன்னு சொல்றோமே அதுதான். அந்தோளகம் பல்லக்கு, காளம் ஊதுகொம்பு, பகல்விளக்குன்னா பட்டப்பகல்லயே முன்னாடி விளக்கு பிடிச்சுட்டுப் போற மரியாதை. மத்த குடிங்க அரண்மனைக்குக் கட்டுற வரியை இவர் கட்ட வேண்டாம், அவங்க பெறுறதை மட்டும் இவரும் பெறலாம். யாருக்கெல்லாம்? அவருக்கு, அவர் ஆண்மக்களுக்கு, பெண்மக்களுக்கு, மருமக்களுக்கு. எவ்வளவு நாளைக்கு? உலகும் சந்திரனும் உள்ளவரைக்கும்.

இந்தச் செப்பேட்டை வச்சு ஜோசப் ரப்பானை ஒரு குட்டி ராஜா மாதிரியும், கிராங்கனூர்ல, அதாவது அந்த முசிறிப் பக்கத்துக் கொடுங்கல்லூர்ல, யூத ராஜ்ஜியமே இருந்த மாதிரியும் நிறையப் பேர் எழுதியிருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அஞ்சுவண்ணம்ங்கறது கடல்வழி வியாபாரிகளோட சங்கம், 849ஆம் வருஷத்துக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டுலயே அந்தப் பேர் வருது, அந்தச் செப்பேட்டுல சாட்சிக் கையெழுத்து போட்டவங்கள்ல சிலர் ஹீப்ரு எழுத்துல, சிலர் அரபியில, சிலர் பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியில போட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் கொடுத்த கொடைக்கு யூதனும் முஸ்லிமும் பார்சியும் சாட்சி. ராஜ்ஜியம் இல்லாட்டி என்ன, அந்த மதிப்பு எனக்கு ராஜ்ஜியத்தை விடப் பெருசாத் தெரியுது.

எப்படி வந்தாங்கன்னு கேட்டா, கி.பி. 70ல ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடிச்சதும் கப்பல் ஏறி முசிறியில வந்து இறங்குனோம்னு அவங்க வழிவழியாச் சொல்ற கதை. அதுக்கும் முன்னாடியே வியாபாரம் இருந்திருக்கணும், பைபிள்ல சாலமோன் ராஜாவுக்கு வந்த மயிலுக்கு ஹீப்ருவுல "துக்கி"ன்னு ஒரு சொல் வருது, அது நம்ம தோகைதான்னு கால்டுவெல் காலத்துல இருந்து சொல்லிட்டு வர்றாங்க. அப்புறம் 1341ல பெரியாறு வெள்ளத்துல முசிறித் துறைமுகம் மணல் மூடிப்போச்சு, துறைமுகம் கொச்சிக்கு நகர்ந்துச்சு, 16ஆம் நூற்றாண்டுல சண்டை, போர்ச்சுகீசியர்கள் தொல்லை எல்லாம் சேர்ந்து யூதர்களும் கொச்சிக்கே வந்தாங்க, கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். இந்தத் தெரு அதுதான். 1662ல போர்ச்சுகீசியர்கள் இந்த சினகாக்கை நாசம் பண்ணுனாங்க, டச்சுக்காரங்க வந்தப்புறம் 1664ல திரும்பக் கட்டுனாங்க. மணிக்கூண்டு 1760ல வந்தது. ஆக, இந்த சினகாக் மேல ஊர்க்காரன் கை வைக்கல, வெளியூர்ல இருந்து வந்த போர்ச்சுகீசியன்தான் வச்சான்.

ஆனா நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்ல. உள்ளுக்குள்ள ஒரு பிளவு இருந்துச்சு. ஏற்கனவே ரொம்பக் காலமா இருந்த மலபார் யூதர்கள் ஒரு பக்கம், 1492ல ஸ்பெயின் துரத்துனதுக்கு அப்புறம் அங்கங்க இருந்து வந்த பரதேசி யூதர்கள் ஒரு பக்கம், கருப்பு யூதர் வெள்ளை யூதர்னு பேரே வச்சுட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் பொண்ணு குடுக்கிறதில்ல. அதுக்கும் கீழ, அடிமைகளா இருந்து விடுதலை ஆனவங்க வம்சத்துல வந்தவங்க, அவங்களை இதே சினகாக்ல முன்னறையிலதான் உக்கார வைப்பாங்க, உள்ள பெஞ்சுல இடம் கிடையாது. அந்த வம்சத்துல பிறந்தவர்தான் ஏ.பி. சேலம், 1882ல பிறந்தவர், சென்னையில பட்டம் வாங்கி வக்கீலானவர், கொச்சி சட்டசபையில உறுப்பினரா இருந்தவர், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனவர். அவர் என்ன பண்ணார்னா காந்தி வழியை எடுத்து ஜெப ஆலயத்துக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணார். உலகமெல்லாம் ஒதுக்கி வச்ச ஒரு ஜனம், ஒதுக்காத ஊருக்கு வந்து தன் ஆளையே முன்னறையில உக்கார வச்சிருக்கு, இதைப் படிச்சப்ப எனக்குக் கோவமும் வந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு, ஏன்னா இது எங்க இருந்து ஒட்டிக்கிச்சுன்னு நமக்குத் தெரியாதா என்ன. மெல்ல மெல்ல அந்தத் தடையெல்லாம் உடைஞ்சது. சேலத்தோட மகன் 1950ல ஒரு பரதேசிப் பொண்ணை விரும்பிக் கல்யாணம் பண்ணார், பம்பாய் போய்த்தான் பண்ண வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு இந்தத் தெருவுக்கே ஏ.பி. சேலம் ரோடுன்னு பேர், வர்றப்ப போர்டைப் பாத்துட்டுத்தான் வந்தேன்.

சரி, இப்ப அந்தக் கேள்விக்கு வர்றேன். 1948 மே 14, டெல் அவிவ்ல யூதத் தலைவர் பென்குரியன் இஸ்ரேல் நாடு உருவாச்சுன்னு அறிவிக்கிறார். 1950ல ஒரு சட்டம், உலகத்துல எந்த மூலையில இருக்கிற யூதரும் வந்து குடியேறலாம்னு. அப்போ கேரளாவுல சுமார் 2,400 யூதர்கள். இங்க ராஜா கொடுத்த மரியாதை இருக்கு, வீடு இருக்கு, கடை இருக்கு, அடிக்கிறவன் யாரும் இல்ல. அப்புறம் என்னத்துக்கு?

பஸ்கா பண்டிகையைப் பத்திப் படிச்சப்பதான் எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. எகிப்துல அடிமையா இருந்து விடுதலை ஆனதை நினைச்சுக் கொண்டாடுறது. கொச்சி யூதர்கள் அதுக்குப் பண்ற ஏற்பாடு இருக்கே, மாசக்கணக்குல முன்னாடியே ஆரம்பிச்சு வீட்டுக்கு வெள்ளையடிச்சு, கிணத்தை இறைச்சுத் தேய்ச்சுக் கழுவி, அரிசியை ஒவ்வொண்ணா பாத்துப் பொறுக்கி, அந்த எட்டு நாளைக்கு மட்டும் தனிப் பாத்திரம். புளிச்ச மாவு ஒரு துளி இருந்துடக் கூடாது. அவ்வளவும் பண்ணி அந்த ராத்திரி சாப்பாட்டு முடிவுல ஒரு வரி சொல்வாங்க, அடுத்த வருஷம் எருசலேமில்னு. தாத்தா சொல்லியிருக்கார், அவரோட தாத்தா சொல்லியிருக்கார், தென்னை மரத்துக்கு நடுவுல உக்காந்து, பாக்காத ஒரு ஊரை. அப்படி ஒரு நாள் நிஜமாவே ஒருத்தன் வந்து கப்பல் இருக்கு வான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? இங்க பிழைக்க வழியும் குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு, சின்ன சமூகத்துக்குள்ள வரன் கிடைக்கிறது கஷ்டம், அதெல்லாமும் காரணம்தான், ஆனா பெரிய காரணம் அந்த வரின்னுதான் நான் நம்புறேன்.

உடனே விட்டுடல. யானைக்கால் நோய் வந்துடும்னு இஸ்ரேல் சுகாதாரத்துறை பயந்து இவங்களைத் தள்ளிப்போட்டுச்சு. 1953ல சேலமே நேர்ல போய் இவங்களுக்காகப் பேசுனார். அப்புறம்தான் 1954, 55ல ஊர் ஊரா கிளம்புனாங்க, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா, எல்லா ஊர் ஜெப ஆலயமும் ஒவ்வொண்ணா காலி. வியாபாரம் பண்ணிட்டிருந்த ஜனம், போன இடத்துல கொடுத்தது விவசாய நிலம், மோஷாவ்னு சொல்ற கூட்டுக் கிராமம். நெகேவ் பாலைவனத்துல பீர்ஷெபா பக்கம் நெவாதிம்னு ஒரு ஊர், பெரியாத்துத் தண்ணியில வளந்தவங்களை அந்த மணல்ல இறக்கிவிட்டாங்க. அங்க கண்ணாடிக் கூடாரம் போட்டு ரோஜா வளத்து ஐரோப்பாவுக்கு ஏத்துமதி பண்ற அளவுக்கு வந்தாங்க, நெவாதிம்ல கொச்சி பாணியில சினகாக்கும் ஒரு மியூசியமும் இருக்கு.

இதையும் சொல்லணும். அதே 1948ல அங்க நடந்த போர்ல சுமார் 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் வீடு வாசலை இழந்தாங்க, அவங்க பேரப்பிள்ளைங்கள்ல நிறையப் பேர் இன்னும் அகதியாத்தான் இருக்காங்க. ஒரு ஜனத்தோட பிரார்த்தனை பலிச்ச வருஷமே இன்னொரு ஜனத்துக்குப் பேரழிவு வருஷம். கொச்சியில இருந்து போனவங்க யாரையும் துரத்தல, ஆனா ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

போனவங்க கூட எடுத்துட்டுப் போனதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பாட்டு நோட்டு. யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்துல பாடுற பாட்டுங்க, பைபிள் கதை, கிளிப்பாட்டு, ஊர் ஜெப ஆலயத்தைப் பத்தின பாட்டு, எல்லாம் கையால எழுதி அம்மா மகளுக்குக் கொடுத்து வந்த நோட்டுங்க. மத்த நாடுகள்ல பல இடத்துல ஆம்பளைங்க முன்னாடி பொம்பளைங்க பாடக் கூடாதுன்னு கட்டுப்பாடு உண்டு, இவங்களுக்கு அது கிடையாது. பாலைவனத்துல உக்காந்து மலையாளத்துல கிளியைக் கூப்பிட்டுப் பாடியிருக்காங்க, வயசான பாட்டிங்க பாடுறதைப் பதிவும் பண்ணி வச்சிருக்காங்க.

பரதேசிக்காரங்க உடனே போகல, சொத்தை வித்து காசை வெளிய கொண்டுபோக அந்நியச் செலாவணிச் சட்டம் விடல, 70கள்ல இருந்து ஒவ்வொரு குடும்பமா போச்சு. முறைப்படி கூட்டு ஜெபம் நடக்கணும்னா வயசு வந்த ஆண்கள் 10 பேர் வேணும், இன்னிக்கு இந்தத் தெருவுல அந்த 10 பேர் கிடையாது. இங்க கையால பூ வேலை செஞ்சு வித்த ஒரு பாட்டி இருந்தாங்க, 2019ல 96 வயசுல இறந்தாங்க, கடைசி வரைக்கும் அவங்களைப் பாத்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். சேலமும் அப்படித்தான், அத்தனை பேர் போக வழி பண்ணிக் கொடுத்துட்டு அவர் போகல, 1967ல கொச்சியிலயே இறந்தார்.

சரி மக்களே, வெயில் இறங்கிடுச்சு, நான் பறவூர் பஸ் பிடிக்கணும். நாளைக்குக் காலையில சேந்தமங்கலம். அங்க ஜெப ஆலயத்து வாசல்ல ஒரு கல் இருக்கு, இஸ்ராயேல் மகள் சாரான்னு ஹீப்ருவுல வெட்டியிருக்கு, 1269ஆம் வருஷத்துக் கல்லறைக் கல், இந்தியாவுல கிடைச்சதுலயே ரொம்பப் பழைய ஹீப்ரு கல்லறைக் கல்வெட்டு. அந்தக் கல்லு பக்கத்துல நின்னு அடுத்த வீடியோ எடுக்கிறேன். யாராச்சும் சேந்தமங்கலத்துக்காரங்க பாத்துட்டிருந்தீங்கன்னா பஸ் ஸ்டாப்ல இருந்து எப்படி வர்றதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. பாக்கலாம்.