இல்லை என்று எழுதப் பழகும் வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

கொடை கொடுப்பதற்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமா என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மனசு இருக்கிறவன் கொடுத்துவிட்டுப் போகிறான், இதற்கு ஒரு செமஸ்டர் எதற்கு? ஆனால், ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்களே, அந்தப் பாத்திரத்தை அறிவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

அமெரிக்காவில் நார்தர்ன் கென்டக்கி பல்கலைக்கழகம் 1999-2000 வாக்கில் இதை நேரடியாகச் செய்து பார்த்தது. மேயர்சன் அறக்கட்டளையின் துணையோடு, மாணவர்கள் கையிலேயே நிஜப் பணத்தைக் கொடுத்து, எந்தத் தொண்டு நிறுவனத்துக்குத் தருவது என்று அவர்களையே முடிவெடுக்கச் சொன்னார்கள். பிறகு டோரிஸ் பஃபெட் வந்தார். பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் அக்கா. பண உதவி கேட்டுத் தம்பிக்கு வந்த கடிதங்களை வாங்கிப் படித்து, யாருக்கு உதவலாம் என்று பார்த்த மனுஷி. கொடுப்பது எவ்வளவு வேலை பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தொடங்கிய திட்டத்தில் பல கல்லூரி வகுப்புகளுக்கு 10,000 டாலர் அளவில் நிதி போனது.

நடைமுறை எளிது. எந்தப் பிரச்சினைக்குப் பணம் என்று வகுப்பு தீர்மானிக்கும். விண்ணப்பம் கேட்கும், படிக்கும், நேரில் போய்ப் பார்க்கும், விவாதிக்கும், வாக்களிக்கும். கேட்க இவ்வளவுதான்.

ஆனால் அந்த விவாத நாளன்று வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். கற்பனைக் கணக்காக இருந்தபோது வாய் திறக்காத பிள்ளைகூட எழுந்து நின்று சண்டை போடும். ஒரு விண்ணப்பம் பளபளவென்று எழுதப்பட்டிருக்கும். இன்னொன்று தப்பும் தவறுமாக இருக்கும், ஆனால் களத்தில் வேலை நடந்துகொண்டிருக்கும். நன்றாக எழுதி எழுதியே மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகள், நன்றாக எழுதியவருக்கே பணம் தரத் துடிப்பார்கள். விண்ணப்பம் எழுதத் தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடிந்த நிறுவனமும், இரவு உட்கார்ந்து தானே எழுதிய நிறுவனமும் ஒன்றா என்று யாராவது கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

நிர்வாகச் செலவு என்று ஒன்று வரும். “முப்பது சதவீதமா!” என்று பதறுவார்கள். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை வரவு செலவைக் காட்டி ஆண்டுதோறும் வரித்துறையிடம் தாக்கல் செய்யும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கட்டும். பார்த்த பிறகு, கணக்கு எழுதுகிறவருக்கும் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் யார் கொடுப்பது என்பதற்கும் பதில் சொல்லட்டும்.

விவாதம் முற்றியதும் யாராவது ஒருவர், “எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமே” என்பார். வகுப்பு நிம்மதியாக மூச்சுவிடும். ஆசிரியர் அங்கே கறாராக நிற்க வேண்டும் என்பது என் கட்சி. யார் மனமும் நோகாமல் தப்பித்துக்கொள்வதற்கு வைத்த பெயர்தான் அந்தச் சமம். ஆளுக்குக் கொஞ்சம் என்றால் யாருக்கும் எதுவும் நடக்காத தொகையாகப் போய்விடும்.

நேரில் போய்ப் பார்க்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷம் அந்த வேலையிலேயே ஊறிய ஒருவர், இருபது வயசுப் பிள்ளைகள் முன்னால் கைகட்டாத குறையாக நின்று விளக்கிக்கொண்டிருப்பார். பணப்பை இவர்களிடம் இருக்கிறது, வேறு காரணமில்லை. அந்தக் காட்சியில் மாணவருக்குக் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும். வராவிட்டால் ஆசிரியர்தான் அதைப் பேச்சுக்கு எடுக்க வேண்டும்.

“பிள்ளைகள் படிப்பதற்காகத் தொண்டு நிறுவனத்தின் நேரத்தைத் தின்னலாமா? பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, சுற்றி வளைத்துப் பதில் சொல்ல மாட்டேன். சில ஆயிரம் டாலருக்கு இருபது பக்க விண்ணப்பம் கேட்கும் வகுப்பு நடக்காமலே இருக்கலாம். இரண்டு பக்கம் போதும். வேறு எங்கோ கொடுத்த விண்ணப்பத்தையே அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம்.

வெற்றி பெற்றவருக்குக் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வருவார்கள். கிடைக்காதவருக்கு யார் எழுதுவது? அதை மாணவர்களே எழுத வேண்டும். முதல் வரைவில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள்: ‘பல சிறந்த விண்ணப்பங்கள் வந்தன.’ கிழித்துப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு எது புரியவில்லை, எந்த இடத்தில் தயங்கினோம், எத்தனை வாக்கு வித்தியாசம் என்று எழுதட்டும். ஒரு செமஸ்டரில் அவர்கள் எழுதும் மிகக் கடினமான ஒரு பக்கம் அதுதான்.

ஒரு சிக்கல் இன்னும் இருக்கிறது. பணம் என்ன ஆயிற்று என்ற அறிக்கை வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் வகுப்பு கலைந்திருக்கும், சிலர் பட்டம் வாங்கியே போயிருப்பார்கள். அறிக்கை ஆசிரியரின் மேசையில் கிடக்கும். அடுத்த வருஷ வகுப்பின் முதல் நாள், பாடத்திட்டத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்த அறிக்கையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முந்தைய வகுப்பு சரியாகத்தான் தேர்ந்தெடுத்ததா என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.