காய்ந்த மண்ணில் அந்தக் கால் தடம் எப்படி நின்றது?

[காட்சி: மெரினா. காய்ந்த மணலில் ஒரு பூட்ஸ் பதிகிறது, ஓரம் சரிகிறது.]

வணக்கம்! தடம் சரிந்ததைப் பார்த்தீர்களா? 1969இல் நிலவில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் பதித்த தடமோ ஒரு வரிகூடச் சிதையாமல் நின்றது. அந்த மண்ணில் சொட்டு ஈரம் கிடையாது! நிலவில் வீடு கட்டும் கதை இந்தத் தடத்தில்தான் தொடங்குகிறது.

பூமியிலிருந்தே சிமெண்ட் கொண்டுபோகலாமே? சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். சந்திரயானின் எடை நான்கு டன்னுக்கும் குறைவு. நம் தெருவுக்கு வரும் டிப்பர் லாரி அதைவிட அதிகமாகக் கொட்டிவிட்டுப் போகும். அதனால் அங்கே கிடக்கும் மண்ணை வைத்தே கட்டியாக வேண்டும்.

[காட்சி: இடது கையில் கடற்கரை மணல், வலது கையில் எம்-சாண்ட்.]

இடது கையில் இருப்பது தண்ணீர் உருட்டி உருட்டி மழுக்கிய மணல். நழுவுகிறது. வலது கையில் இருப்பது பாறையை உடைத்த எம்-சாண்ட். குத்துகிறது. நிலவு மண் இந்த வலது கைப் பக்கம்! விண்கற்கள் மோதி மோதி நொறுக்கிய பாறை அது. முனையை மழுக்க அங்கே ஆறும் இல்லை, காற்றும் இல்லை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, தடம் நிற்கிறது. அதே கூர்மை விண்வெளி உடைகளையும் அராவியது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையும் நிலவின் மேட்டுநிலப் பாறையும் ஒரே இனம்: அனார்த்தோசைட். அதை அரைத்துத்தான் இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. சொல்லும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, அள்ளுவது எப்படி? ஜேசிபி தன் எடையை ஊன்றித்தான் தோண்டுகிறது. நிலவில் அந்த எடை ஆறில் ஒரு பங்கு. வாளியைக் குத்தினால் மண்ணுக்குப் பதிலாக வண்டி நகரும். நாசாவின் 'ரேசர்' வண்டியில் முன்னும் பின்னும் வாளிகள் பொருத்திய உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டுகிறது. அள்ளிய மண் உருளைக்குள்ளேயே தங்கும். திருப்பிச் சுழற்றினால் கொட்டிவிடும். தோண்டுவதும் அதுவே, சுமப்பதும் அதுவே. என்ன அழகான யோசனை!

செங்கல்லா? செயற்கை நிலவு மண்ணுடன் பாக்டீரியா, யூரியா, கொத்தவரை விதைப் பிசின் சேர்த்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020இலேயே செய்து காட்டிவிட்டன.

இதைப் பார்க்கும் கொத்தனார்களே, மேஸ்திரிகளே, உங்களிடம் ஒரு கேள்வி: தண்ணீர் ஊற்றாமல் இந்த மண்ணை இறுக வைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.