ரிப்பேர் கேட்டது நான்தான்

வணக்கம் நேயர்களே.

வாடகை வீட்டுப் பிரச்சினைகள் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், வாடகைத் தகராறோடு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் சில வருடங்களாக உதவி வருகிறேன். டெபாசிட் திரும்பி வரவில்லை, வாடகையைத் திடீரென்று ஏற்றிவிட்டார், இப்படித்தான் பேச்சு தொடங்கும். எல்லாம் எழுதி முடித்த பிறகு, சில பெண்கள் எழுந்து கதவுவரை போய், திரும்பி வந்து மெதுவாகச் சொல்வார்கள்: "அக்கா, நான் வீட்டில் இல்லாதபோது ஆள் வந்து போகிறது."

யார் என்று கேட்டால் பிளம்பர், பெயிண்டர், டைல்ஸ் போடுகிறவர், வீட்டை அளக்க வந்தவர் என்று வரும். வீட்டுக்காரர் சாவி கொடுத்து அனுப்பியிருப்பார். திருட்டு எதுவும் நடந்திருக்காது. அதனால் இதைப் புகார் என்று சொல்லவே அவர்களுக்குக் கூச்சம்.

எனக்கு அந்தக் கூச்சம் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு நானும் ஒரு வீட்டின் பின்பக்கம் இருந்த அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருந்தேன். ஓர் அறை, சின்ன சமையலறை, ஒரு குளியலறை. குளியலறை சீலிங் ஒழுகியது. ரிப்பேர் செய்து கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் மூன்று தடவை கேட்டேன். அப்போது புரட்டாசி மாதம். இங்கே நம்மவர்கள் புரட்டாசியை எப்படிப் பிடிப்போம் என்று உங்களுக்குத் தெரியும். மாதம் பிறப்பதற்கு முன்பே பாத்திரம் பண்டமெல்லாம் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். வீட்டில் கவிச்சி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன். தரையில் சிமெண்ட் பூசிய பூட்ஸ் தடம், வாசலிலிருந்து குளியலறைவரை. சமையல் மேடையில் மட்டன் பை (கறி அடைத்த பேஸ்ட்ரி) சுற்றிவந்த காகிதமும் கொஞ்சம் துணுக்குகளும். சாமி மூலையில் இருந்த காமாட்சி விளக்கைத் தூக்கி வாஷிங் மெஷின்மேல் வைத்திருந்தார்கள். எண்ணெய் ஒரு பக்கமாக வழிந்து, திரி அதில் மூழ்கிக் கிடந்தது. குங்குமக் கிண்ணத்தின்மேல் வெள்ளைத் தூசி.

அதையெல்லாம்கூடத் துடைத்துவிடலாம். ஒரு வாரமாக மழை, அதனால் என் துணிகளைக் குளியலறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். உள்ளாடைகள் உட்பட. அவை கட்டில்மேல் இருந்தன. ஒவ்வொன்றாக மடித்து, அடுக்கி வைத்திருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் கை அதில் பட்டிருக்கிறது. அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

முன்வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வீட்டுக்கார மாமா கெட்டவர் இல்லை. "நீதானேம்மா ரிப்பேர் கேட்டாய்? ஆள் கிடைத்தான், அனுப்பினேன். எதுவும் காணாமல் போயிற்றா?" என்றார். எதுவும் காணாமல் போகவில்லை. என்னிடம் பதில் இல்லை. திரும்பி வந்து தரையைக் கழுவினேன்.

அன்று என்னிடம் இல்லாத பதில் இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் அப்போதே இருந்தது. 1999ஆம் ஆண்டின் 50ஆம் எண் சட்டம், வாடகை வீட்டுச் சட்டம். அதன் நான்காவது பிரிவு சொல்வது இதுதான்: வாடகைக் காலம் முழுவதும் குடியிருப்பவருக்கு அந்தரங்க உரிமை உண்டு. வீட்டைப் பார்வையிடும் உரிமை வீட்டுக்காரருக்கும் உண்டு. ஆனால் அதை அவர் நியாயமான முறையில்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் நியாயமான முன்னறிவிப்பு கொடுத்த பிறகு. வீட்டையோ உடைமைகளையோ சோதனை போடக்கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வாடகை கட்டுபவருக்கு மட்டும் என்றில்லை. அவரோடு இருக்கும் குடும்பத்தாருக்கும், அவரைப் பார்க்க வந்து தங்கியிருக்கும் விருந்தாளிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமியார்வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே புரியும். கான்ட்ராக்டர் வீட்டுக்காரரின் ஆளாக வருகிறார். வீட்டுக்காரரே முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றால், அவர் அனுப்பிய ஆள் மட்டும் எப்படி வரலாம்? தன்னிடம் இல்லாத உரிமையைச் சாவியோடு சேர்த்து இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்ப முடியாது. நான் ரிப்பேர் கேட்டேன், உண்மை. ரிப்பேர் கேட்டால், செய்யச் சொல்லிக் கேட்டேன் என்று அர்த்தம். எந்த நாளில், எந்த நேரத்தில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

இந்த நாட்டின் அரசியலமைப்பை எடுத்துக்கொண்டால், 1996இல் எழுதியது, 14ஆவது பிரிவு அந்தரங்க உரிமை பற்றியது. அதில் முதலில் வருவதே உடலையும் வீட்டையும் சோதனையிடக் கூடாது என்பதுதான். ஏன் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1985வரை, வெள்ளையரும் மற்ற இனத்தவரும் சேர்ந்து வாழ்ந்தால் குற்றம் என்று ஒரு சட்டம் இருந்தது. போலீஸ் ராத்திரியில் படுக்கையறைக்குள்ளேயே வரும். நம் கதையும் வேறு மாதிரி இல்லை. 1860 நவம்பரில், கூலி ஒப்பந்தத்தில் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு 'டுரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தபோதே, நம் ஆட்களுக்குத் தங்கும் இடம் என்றால் அது முதலாளியின் இடம்தான். கரும்புத் தோட்டத்து லைன் வீடு முதலாளியுடையது. பிறகு டர்பன் நகராட்சியில் வேலை பார்த்தவர்கள் இருந்த மேகசின் பேரக்ஸ் நகராட்சியுடையது. அங்கிருந்த குடும்பங்களைத்தான் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சொந்தமில்லாத கூரையின் கீழ் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் நாம். "அவர் வீடு, அவர் வருகிறார், நாம் என்ன சொல்ல முடியும்" என்று ஒரு பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது. அது அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

அவசரம் என்று ஒன்று உண்டு. சீலிங்குக்கு மேலே இருக்கும் கீசர் வெடித்து, சூடான தண்ணீர் சுவரோடு இறங்குகிறது. மின்சாரப் பெட்டியிலிருந்து எரிகிற வாடை வருகிறது. அப்போது யாரும் முன்னறிவிப்புக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் உள்ளே போய்த் தண்ணீரை அடைக்கலாம், அடைக்கவும் வேண்டும். அப்போதும் ஒரு போன் போடலாம், வெளியே வரும்போது என்ன செய்தோம் என்று இரண்டு வரி அனுப்பலாம்.

ஆனால் பெயிண்ட் அடிப்பது அவசரமில்லை. டைல்ஸ் மாற்றுவது, ஜன்னல் கம்பிக்கு அளவெடுப்பது, வீட்டை விற்பதற்காக ஆளைக் கூட்டிவந்து காட்டுவது, எதுவுமே அவசரமில்லை. இவற்றுக்கெல்லாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் முன்பு என்று அந்தப் பிரிவு ஒரு எண்ணைச் சொல்லவில்லை, நியாயமான என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் அந்த எண்ணை உங்கள் லீஸில் எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் என்று போடலாம், 48 என்று போடலாம். எதுவாக இருந்தாலும், கேட்டுக்கு வெளியே பக்கி வண்டியை (பிக்கப்) நிறுத்திவிட்டு "இதோ வந்துவிட்டார்கள்" என்று போன் பண்ணுவது முன்னறிவிப்பு ஆகாது.

நேரத்தைச் சொன்னால் மட்டும் போதாது. யார் வருகிறார், எத்தனை பேர், எந்த அறையில் வேலை, எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் கேளுங்கள். குளியலறையில் வேலை என்றால் படுக்கையறை அலமாரியைத் திறக்க ஒரு காரணமும் இல்லை. இரண்டு வாரம் இழுக்கும் வேலை என்றால், முதல் நாள் சொன்னதே பதினான்கு நாளைக்கும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். தினமும் எத்தனை மணிக்கு வருவார்கள், எத்தனை மணிக்குப் போவார்கள் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். போட்டோவும் அப்படித்தான். உடைந்த குழாயைப் படமெடுக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் படம் மாட்டிய சுவர் அதில் வர வேண்டிய அவசியமில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்கு வருகிறவர்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். அவர் நாள் கூலிக்கு வருகிறார். உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே பல நேரம் அவருக்குத் தெரியாது. அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், கழிப்பறை வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் நாமே ஒரு டீ போட்டு வைத்திருப்போம். திடீரென்று வந்து நிற்கும்போதுதான் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறது.

அடுத்தது, பேப்பர். இங்கே பாதிச் சிக்கலும் அவுட்பில்டிங்கில்தான் வருகிறது என்பது என் அனுபவம். சொந்தக்காரர் வீடு, கோயிலில் பழக்கமானவர் வீடு, லீஸ் எதுவும் எழுதுவதில்லை. "நமக்குள் என்னம்மா பேப்பர்?" என்பார்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த வாடகைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். எழுதிக் கொடுங்கள் என்று குடியிருப்பவர் கேட்டால், வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பெரியப்பா வீடாக இருந்தாலும் கேட்கலாம். உறவில் கேட்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் எழுதாததால் முறிந்த உறவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குடி போவதற்கு முன்பு வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, என்னென்ன உடைந்திருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். அந்தப் பட்டியல் லீஸோடு இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் ஏணியைச் சாய்த்து வாஷ்பேசினை உடைத்துவிட்டுப் போனால், உங்கள் டெபாசிட்டில் கை வைக்காமல் இருக்க இந்தப் பட்டியல்தான் உதவும். வேலைக்கு ஆள் வருவதற்கு முன்பு ஒரு படம், போன பிறகு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் வந்துவிட்டார்கள் என்றால், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். சண்டை போட வேண்டாம். "மாமா, இன்று நான் இல்லாதபோது வேலைக்காரர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். இனி முதல் நாளே சொல்லுங்கள், நான் இருக்கும்போது வரட்டும். சனிக்கிழமை காலை எனக்கு வசதி." இவ்வளவு போதும். வேறு நாள் ஒன்றை நீங்களே சொல்வது முக்கியம். வீட்டைப் பழுது பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை, நியாயமாகக் கேட்டு வந்தால் உள்ளே விடுவது நம் கடமை. எந்த நாளும் முடியாது என்று தட்டிக்கழித்துக்கொண்டே போனால் தப்பு நம் பக்கம் வந்துவிடும்.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் பூட்டையும் மாற்றாதீர்கள். வீட்டுக்காரர் பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தினால் அது வேறு விஷயம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. உடனே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். மற்றபடி, பேசிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலுக்கு டர்பனில் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அவர்கள் தரும் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். புகார் கொடுத்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. புகார் பதிவான நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை அல்லது மூன்று மாதம்வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை, அவர் உங்களை வெளியேற்ற முடியாது. அந்தக் காலத்திலும் வாடகையை நீங்கள் ஒழுங்காகக் கட்டிவர வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வீட்டுக்காரர்களும் இருப்பீர்கள். பென்ஷனோடு அந்த ஒரு அறை வாடகையை நம்பி இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கஷ்டப்பட்டுக் கட்டிய வீடு அது. அதில் ஒரு சாவி உங்களிடம் இருப்பதில் தப்பே இல்லை. அதை ஆணியில் மாட்டி வையுங்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள்.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சீலிங் வேலை பாதியில் நின்றிருந்தது. மறுநாளே மாமாவிடம் போய், அடுத்த தடவை நான் இருக்கும்போதுதான் வர வேண்டும் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அவள் கேட்பதில் என்ன தப்பு?" என்றார். அடுத்த சனிக்கிழமை, எட்டு மணி என்று முடிவானது. விளக்கை நானே எடுத்துத் துணி சுற்றி அலமாரியில் வைத்தேன். குளியலறைக் கொடியைக் காலி செய்தேன்.

வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், ஜூலுக்காரர். வாசலில் கோலத்தைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலேயே பூட்ஸைக் கழற்றினார். துணியை மடித்தது நீங்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். சீலிங் பலகையைப் பிரித்ததும் அழுக்குத் தண்ணீரும் தூசியும் கொட்டியது, துணியெல்லாம் வீணாகிவிடுமே என்று எடுத்து மடித்து வைத்தேன், வீட்டில் தன் மகள் துணியையும் அப்படித்தான் மடிப்பேன் என்றார். முதலாளி உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டிருக்கவே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது.

வணக்கம்.