இருபது லட்சம் பீப்பாய், காகிதத்தில்

நேயர்களுக்கு வணக்கம். ‘எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கின்றன.’ 2022 அக்டோபரில், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் நாடுகளும் ரஷ்யா முதலான கூட்டாளிகளும் வியன்னாவில் அறிவித்தது இது. பீப்பாய் என்றால் 159 லிட்டர். கேட்டவுடன், அடுத்த மாதமே அவ்வளவு எண்ணெயும் சந்தையிலிருந்து காணாமல் போகும் என்றுதான் தோன்றும். போகாது.

ஏன் போகாது? குறைப்பு என்பது இன்று இறைக்கிற அளவிலிருந்து கழிப்பதல்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் பேசி எழுதி வைத்த ‘அடிப்படை அளவு’ ஒன்று உண்டு, அதிலிருந்து கழிப்பது. நைஜீரியாவும் அங்கோலாவும் அப்போதே தங்களுக்கு அனுமதித்த அளவை, அதாவது ஒதுக்கீட்டை, எட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. அவர்களிடம் குறைக்க என்ன இருக்கிறது? ஆகவே காகிதத்தில் 20 லட்சம், கிணற்றில் ஏறக்குறைய அதில் பாதி. கூட்டங்களில் உண்மையான சண்டையும் இந்த அடிப்படை அளவுக்காகத்தான். 2023 டிசம்பரில் அங்கோலா ஒபெக்கை விட்டு விலகுவதாக அறிவித்ததும் ஒதுக்கீட்டுத் தகராறில்தான்.

சரி, யார் எவ்வளவு இறைத்தார்கள் என்று எப்படித் தெரியும்? அந்தந்த நாடு சொல்வதை ஒபெக் அப்படியே ஏற்பதில்லை. வெளி நிறுவனங்களின் மதிப்பீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றால் யார்தான் குறைத்து எழுத மாட்டார்கள்!

கூட்டுறவு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1985-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒபெக் 1982-இல் ஒதுக்கீடு கொண்டுவந்தது. பலர் மீறினார்கள். விலை சரியாமல் தாங்கிப் பிடிக்கும் வேலை சவுதி அரேபியாவின் தலையில் விழுந்தது. மற்றவர்கள் கூட்ட, அது குறைத்தது. நாளொன்றுக்கு ஒரு கோடி பீப்பாயை ஒட்டி இறைத்த நாடு, 1985-இல் அதில் கால் பங்குக்கு வந்துவிட்டது. விலையைக் காப்பாற்றியவனுக்கு வாடிக்கையாளரே இல்லை.

பொறுமை போனது. சவுதி விற்பனை முறையையே மாற்றியது. கச்சா எண்ணெய்க்கு முன்கூட்டியே விலை கிடையாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பீப்பாயிலிருந்து வந்த பெட்ரோல், டீசல், உலை எண்ணெய் எல்லாம் சேர்ந்து 30 டாலருக்கு விற்றால், சுத்திகரிப்புச் செலவு 2, கப்பல் கூலி 1 போக மீதி 27 சவுதிக்கு. 20 டாலருக்குத்தான் விற்றதா? சவுதிக்கு 17. இரண்டிலும் ஆலைக்காரருக்கு அதே 2 டாலர், லாபமும் அதற்குள் அடக்கம். நட்டமே வராது என்றால் ஆலை சும்மா இருக்குமா? முழு வேகத்தில் ஓட்டினார்கள். பெட்ரோல் குவிந்தது, விலை விழுந்தது, அதோடு கச்சா விலையும் விழுந்தது. 30 டாலரை ஒட்டி இருந்தது 1986 நடுவில் 10 டாலர் அருகே கிடந்தது. மறுபடி சொல்கிறேன், எண்ணெய் வயல் எதுவும் புதிதாக முளைக்கவில்லை. விற்கும் விதம்தான் மாறியது.

இன்றைக்கும் அறிவிப்பைவிட விற்கும் விதத்தைப் பாருங்கள். சவுதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதந்தோறும் ஆசிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு விலை சொல்கிறது: ஓமன், துபாய் எண்ணெய் விலைகளின் சராசரிக்கு மேலோ கீழோ இத்தனை டாலர் என்று. குறைப்பு என்று அறிவித்துவிட்டு இந்தக் கூடுதலையும் இறக்கினால், வாங்க ஆள் குறைவு என்று பொருள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். சரக்குக் கப்பல் வணிகத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரு வரியில் முடிக்கிறேன். கப்பல் கம்பெனிகள் பில்லில் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று தனியாகப் போடுகின்றன, அதைப் பெரும்பாலும் மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறைதான் மாற்றுகின்றன. அதனால் கச்சா விலை இறங்கத் தொடங்கிய பிறகும் சரக்குக் கூலி ஏறிக்கொண்டிருக்கக் கூடும். வணக்கம்.