வெயில் மண்டைக்கு ஏறும்போது: ஹீட் ஸ்ட்ரோக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

(காட்சி: தளம் போடும் கட்டடம். கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி.)

ஜல்லி சுமக்கும் சித்தாள் ஒருவர், "தலை சுத்துது மேஸ்திரி" என்கிறார். உடம்பெல்லாம் வியர்வை, குமட்டல், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறார். இது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலோ மோரோ கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்.

சரி, அவர் ஓய்வெடுக்காமல் மறுபடி கூடையைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

(காட்சி: அதே ஆள், தள்ளாடும் நடை.)

பேச்சு குழறுகிறது. மணல் கேட்டால் சிமென்ட்டைக் கொண்டுவருகிறார். காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான் போல" என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பித்துவிட்டது. இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். பெயரில் ஸ்ட்ரோக் இருந்தாலும் இது பக்கவாதம் இல்லை. அப்படியே விட்டால் அடுத்து வலிப்பு, நினைவிழப்பு, மரணம்கூட.

"வியர்வை கொட்டுதே, அப்ப பயமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். தகரக் கொட்டகைக்குள் முடங்கிக் கிடக்கும் வயதானவர்களுக்குத் தோல் காய்ந்து கொதிக்கும். உழைக்கிறவருக்கோ வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைப் புழுக்கத்தில் அது எங்கே உலர்கிறது? வேலூர் அளவுக்கு வெப்பமானி ஏறாத நாளிலும் அங்கே ஆள் சுருண்டு விழுவது அதனால்தான்.

சந்தேகமா? "இன்னைக்கு என்ன கிழமை? நாம எங்க இருக்கோம்?" என்று கேளுங்கள். பதில் உளறலாக வந்தால் உடனே 108.

(காட்சி: நிழலில் படுத்திருக்கும் ஆள்மீது தண்ணீர் ஊற்றுகிறார்கள்.)

வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். நிழலுக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் அட்டையால் விசிறிக்கொண்டே இருக்கட்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறிவிடும், அதைச் செய்யாதீர்கள். பாராசிட்டமாலும் வேண்டாம், இது காய்ச்சல் இல்லை.

அப்புறம், ஆம்புலன்ஸில் வருபவரிடம் பேச்சு எத்தனை மணிக்குக் குழறத் தொடங்கியது என்று மறக்காமல் சொல்லுங்கள்.