பொத்தானை அழுத்தினால் பக்கம் அசையவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குக் கணினி பார்த்துக்கொடுக்கப் பல ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். எனக்கு மிகுதியாக வரும் முறையீடு கணினி கெட்டுவிட்டது என்பதன்று. "எல்லாம் ஓடுகிறது, இந்த ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை" என்பதுதான். படிவம் திறக்கிறது, பெயரையும் முகவரியையும் எழுத முடிகிறது, ஆனால் கடைசிப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. சில பக்கங்களில் படங்கள் இருக்க வேண்டிய இடம் சாம்பல் நிறக் கட்டமாக நிற்கிறது. வேறு சில பக்கங்கள் முழுவதும் வெள்ளையாகவே வருகின்றன. இவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம், நம் உலாவியில் (குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரௌசரில்) நாமோ நம் பிள்ளைகளோ பாதுகாப்புக்காகச் சேர்த்துவைத்த ஒரு நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன், அந்தப் பக்கத்துக்குத் தேவையான ஸ்கிரிப்டைத் தடுத்துவிடுவதுதான்.

ஸ்கிரிப்ட் என்பது பக்கத்தோடு சேர்ந்து வந்து நம் கணினியிலேயே ஓடும் சிறு நிரல். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில்தான் இன்றைய பக்கங்களின் அசைவு பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதே மொழியில்தான் நாம் எங்கே போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்ளும் உளவு நிரல்களும் எழுதப்படுகின்றன. ஆகவே தடுப்பது தவறன்று. தடுப்பு நீட்சி வேண்டும் என்பதில் எனக்கு இம்மியளவும் ஐயமில்லை.

ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை எண்ணிப் பாருங்கள். வளவுக்குள் நடமாடுபவர்களில் வீட்டார் உண்டு. வீட்டார் அழைத்துவந்த சமையல்காரரும் பந்தல்காரரும் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து யார் என்ன நகை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப்போகும் ஆளும் உண்டு. ஒரு வலைப்பக்கத்தின் ஸ்கிரிப்டுகளும் இந்த மூன்று வகைதான்: தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட், அத்தளம் வெளியிலிருந்து வரவழைத்த வேலைக்கார ஸ்கிரிப்ட், விளம்பரத்துக்கும் வேவுக்கும் வந்த ஸ்கிரிப்ட். மூன்றாவது வகையைத் தடுக்கும்போது இரண்டாவது வகையும் சேர்ந்து அடிபடுவதுதான் நம் சிக்கல்.

தடுப்பதிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ரேமண்ட் ஹில் 2014இல் வெளியிட்ட யூபிளாக் ஆரிஜின் போன்றவை, கெட்டவை என்று பட்டியலிடப்பட்டவற்றை மட்டும் தடுத்து மற்றவற்றை விட்டுவிடும். ஜார்ஜியோ மாவோனே 2005இல் வெளியிட்ட நோஸ்கிரிப்ட் போன்றவை, நாம் அனுமதிக்கும்வரை அனேகமாக எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். முதல் வகையில் பக்கம் உடைவது எப்போதாவது. இரண்டாம் வகையில் அது அன்றாட நடப்பு. உங்கள் உலாவியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பேரன், ஆச்சி ஏமாந்துவிடக் கூடாது என்ற அக்கறையில், எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் வகை நீட்சியைப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆச்சி ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார். "தம்பி, மாவட்டம் சிவகங்கைன்னு போட்டுட்டேன். அதுக்குக் கீழே வட்டம்னு ஒரு பெட்டி இருக்கு, அதைத் தொட்டா உள்ளே ஒரு ஊரும் இல்லையே" என்று என்னை அழைத்தார். கவனியுங்கள், இது மிக நல்ல துப்பு. மாவட்டப் பெயர்கள் பக்கத்தோடு எழுதப்பட்டே வருகின்றன. ஆனால் சிவகங்கையைத் தேர்ந்தெடுத்த பிறகு காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்ற வட்டப் பெயர்களை அந்நேரத்தில் கேட்டு வாங்கிவருவது ஸ்கிரிப்டின் வேலை. முதல் பெட்டி நிறைந்து இரண்டாவது பெட்டி வெறுமையாக இருந்தால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று ஏறத்தாழ உறுதியாகவே கொள்ளலாம்.

நீட்சியின் சிறு படத்தைத் தொட்டவுடன் அந்தப் பக்கம் தொடர்புகொள்ள முயன்ற முகவரிகள் வரிசையாக வந்தன. முதலில் தளத்தின் சொந்த முகவரிக்கு அனுமதி கொடுத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றினோம், அதாவது ரீலோட் செய்தோம். வட்டப் பெட்டி அப்போதும் வெறுமைதான். வரிசையில் ஜெகுவெரி என்ற பெயரைத் தாங்கிய வெளி முகவரி ஒன்று இருந்தது. ஜெகுவெரி என்பது எண்ணற்ற தளங்கள் பயன்படுத்தும் பொதுக் கருவி. பல தளங்கள் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதைத் தற்காலிகமாக அனுமதித்து மறுபடி ஏற்றியதும் வட்டங்கள் வந்துவிட்டன. ஆச்சிக்கு முகம் மலர்ந்தது. ஆனால், நான் ரோபோ அல்ல என்று சொல்லித் தொட வேண்டிய கட்டம் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்ததால், கடைசிப் பொத்தான் இன்னும் அசையவில்லை. மீண்டும் நீட்சியைத் திறந்தால், முன்பு அங்கே இல்லாத முகவரிகள் புதிதாக முளைத்திருந்தன.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். ஒரு ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய பின்னரே அது அழைக்கும் அடுத்த ஸ்கிரிப்ட் யார் என்பது நீட்சிக்கே தெரியும். ஆகவே ஒன்றை அனுமதியுங்கள், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள், பட்டியலை மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பக்கம் ஓடும்தான். எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை என்பது மட்டும் ஒருநாளும் தெரியாது. அந்தச் சரிபார்ப்புக் கட்டம் கூகுளின் ரீகேப்ட்சாவாக இருந்தால் அதற்குக் கூகுள் முகவரியோடு ஜிஸ்டாட்டிக் என்ற முகவரியும் வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் வராது. விளம்பரம், அனலிட்டிக்ஸ் (நம் நடமாட்டத்தைக் கணக்கெடுப்பது) என்ற சொற்கள் தென்படும் முகவரிகளைக் கடைசிவரை தொடாதீர்கள். ஆச்சி வீட்டிலும் அவற்றைத் தொடாமலே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

கொடுத்த அனுமதி தற்காலிகமாகவே இருக்கட்டும். நோஸ்கிரிப்டில் அப்படிக் கொடுத்த அனுமதி உலாவியை மூடியதும் தானே நீங்கிவிடும். யூபிளாக்கில் மின்விசை போன்ற பெரிய குறியைத் தொட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நிற்கும். அதை நாம்தான் நினைவாகத் திரும்பப் போட வேண்டும்.

சிக்கலுக்கு நீட்சிதான் காரணமா என்று எப்படி அறிவது? அந்தரங்கச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில், அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் நாமாக அனுமதித்தாலொழிய நீட்சிகள் அங்கே ஓடுவதில்லை என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் அங்கே பழைய குக்கீகளும், அதாவது தளங்கள் நம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளும், இருக்கமாட்டா. பக்கம் அங்கே ஓடிவிட்டது என்றால் குற்றவாளி நீட்சியாகவும் இருக்கலாம், கெட்டுப்போன பழைய குக்கீயாகவும் இருக்கலாம். வழக்கமான சாளரத்துக்குத் திரும்பி, நீட்சியை மட்டும் நிறுத்திப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். நீட்சிகள் பல இருந்தால் பாதியை நிறுத்துங்கள். பக்கம் ஓடினால் குற்றவாளி அந்தப் பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் ஓடவில்லை என்றால் நீட்சியைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பழைய குக்கீயிலோ தளத்தின் பக்கமோதான்.

பணம் செலுத்தும் பக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். தளம் ஒன்று, பணத்தை வாங்கும் இடைநிறுவனம் ஒன்று, ஓடிபி கேட்கும் வங்கிப் பக்கம் ஒன்று என்று மூன்று முகவரிகள் கைமாறும் இடம் அது. நடுவே ஒன்று தடுக்கப்பட்டுப் பக்கம் சுழன்றுகொண்டே நின்றால், பதற்றத்தில் பக்கத்தை மறுபடி ஏற்றாதீர்கள், பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். மற்ற எல்லா இடத்திலும் மறுபடி ஏற்றுங்கள் என்று சொன்ன நானே இங்கே வேண்டாம் என்கிறேன். முதலில் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கென்றே, நீட்சி எதுவும் சேர்க்காத வேறோர் உலாவியை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. நம் வீடுகளில் பெரியவர்கள் தனியாக இருந்து, பிள்ளைகள் கடல் கடந்து இருக்கும் நிலையில், இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளே செய்துவிட்டுப் போவது நல்லது.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். கைபேசியைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள குரோமில் நீட்சிகள் சேர்க்க வழியில்லை, ஃபயர்பாக்ஸில் உண்டு. ஆகவே கைபேசிக் குரோமில் ஒரு பக்கம் உடைந்தால் நீட்சியைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள், வேறு காரணத்தைப் பாருங்கள். வணக்கம்.